தலைமாட்டு முகம்

மூக்கு எழுந்து போய்விட்டது. மூக்குக்குச் சொந்தக்காரர் பஜ்ஜி வாங்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து அதே நாற்காலியில் அதே பக்கம் பார்த்து உட்காருவார் என்று நம்புவது பேராசை. ஆகவே வசந்தாமணி பக்கத்து நாற்காலிக்காரரின் தோள்களை எடுத்து அந்த மூக்குக்குக் கீழே பொருத்தினாள். கைகளுக்கு மூன்றாவது வரிசையில் தூங்குகிறவர் இருக்கவே இருக்கிறார். தூங்குகிறவர்கள் நல்லவர்கள், கூட்டத்தை வரைகிறவளுக்கு அவர்களைப் போல உபகாரி கிடையாது. விருது விழாவில் யாரும் முழு ஆளாகக் கிடைப்பதில்லை. ஒருவர் கும்பிடுவார், ஒருவர் செல்போனை நீட்டிப் படம் எடுப்பார், ஒருவர் பொன்னாடையை மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல் பொன்னாடையோடு சுற்றுவார். மூன்று பேரைச் சேர்த்து ஒரு ஆள் செய்தால்தான் காகிதம் நிறையும். போன மாதம் ஒரு பல் மருத்துவருக்கு ஜவுளிக்கடைக்காரரின் கழுத்து வந்துவிட்டது. மருத்துவர் கோபப்படுவார் என்று பயந்தால், இளைத்திருக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் நம்பமாட்டேன் என்கிறார்கள், இதைக் காட்டுகிறேன் என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். ஜவுளிக்கடைக்காரரே, உமக்கு நன்றி என்று அப்போதும் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் எதற்கெடுத்தாலும் நன்றி சொல்கிறாள். மேலே சுற்றுகிற மின்விசிறிக்கு, அடைத்துக்கொள்ளாத பேனாவுக்கு, நடுங்காத விரலுக்கு. சொல்ல வேண்டிய ஒரே ஒருத்திக்குச் சொல்ல முடியாததால் சில்லறை சில்லறையாக ஊர் பூராவும் இறைத்துக்கொண்டிருக்கிறாள்.

“அக்கா, இந்தத் தடவ தலைவரக் கொஞ்சம் பெருசாப் போட்டுருங்க” என்று குமரேசன் காதருகே குனிந்தார். வணிகர் நலச் சங்கத்தின் செயலாளர். சட்டைப் பையில் இரண்டு பேனா, நெற்றியில் வியர்வை, கையில் எப்போதும் யாருக்கோ போக வேண்டிய ஒரு பூங்கொத்து. “போன தடவ பொறகால இருந்த ஏர்கூலர் அவர விடப் பெருசா இருந்துச்சுன்னு ரொம்ப வருத்தப்பட்டாருங்க.” “அவரு ஏர்கூலர்கிட்டயே போய் நின்னா நான் என்னங்க பண்றது?” என்றாள். “அதுக்குத்தான் இன்னைக்கு ஏர்கூலரையே எடுத்துட்டனுங்க” என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். அதனால்தான் இந்தப் புழுக்கம். சிங்காநல்லூரில் இந்த மண்டபத்துக்கு அவள் வருவது முதல் தடவை அல்ல. சிறந்த பேக்கரி, சிறந்த டிரைவிங் ஸ்கூல், சிறந்த அழகு நிலையம், சிறந்த சமூக சேவகர். சமூக சேவகர் மட்டும் இரண்டு பேர், ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். விருது வாங்காமல் வெளியே போகிறவர்கள் மேசை துடைக்கிறவரும் வசந்தாமணியும்தான் என்று அவள் வீட்டுக்காரர் கனகராஜ் கேலி செய்வார். செய்யட்டும். இந்த ஊரில் யாராக இருந்தாலும் என்றைக்காவது ஒரு நாள் ஒரு விருது விழாவுக்கு வந்துதான் தீர வேண்டும், வாங்கவோ, வாங்குகிறவருக்குக் கைதட்டவோ, கைதட்டுகிறவரோடு வந்து சாப்பிடவோ. நன்றி சொல்ல வேண்டிய அந்த ஒருத்தியும் வருவாள். இது வசந்தாமணியின் கணக்கு. கனகராஜைத் தவிர யாருக்கும் அவள் இதைச் சொன்னதில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள், கனகராஜ் அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிற மனிதர்.

மைக் கீச்சென்று கத்தியது. கத்தினதும் பேனா நின்றுவிட்டது. இந்தச் சத்தம், இதே சத்தம், அன்றைக்குத் தார் ரோட்டில் இரும்பு இழுபட்ட சத்தம். யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்த மணல் ரோட்டுக்கு வந்திருந்தது, அவளுடைய ஸ்கூட்டி அதில் வழுக்கியது, அவ்வளவுதான், யார்மேலும் குற்றமில்லை. அதற்கப்புறம் வானம். வானத்தில் குறுக்கே ஓடுகிற மின்கம்பிகள், இரண்டு மேலே, ஒன்று சற்றுத் தளர்ந்து கீழே, அதைக்கூட இப்போது வரையச் சொன்னால் வரைவாள். தலைக்கு அடியில் தார் சுடவில்லை, மெத்தென்று இருந்தது, யாரோ ஒருத்தி தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் தலையை மடியில் வாங்கியிருந்தாள். கம்பிகளை மறைத்துக்கொண்டு அந்த முகம் குனிந்தது. ஒரு புளித்த வாசனை. உள்ளங்கை ஒன்று கன்னத்தில் இருந்தது, ஈரமாக, சூடாக. “கண்ண மூடாதீங்க. உங்க பேரென்னங்க? பேரச் சொல்லுங்க. பேரச் சொல்லுங்கன்றேன்.” பேர் இருந்தது, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது, நாக்குதான் எழவில்லை. கேட்ட கேள்விக்கு வசந்தாமணி பதில் சொல்லாமல் இருந்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான், வேலை பார்த்த கம்பெனியில் மேனேஜரே அவள் வாய்க்குப் பயப்படுவார். அந்தக் குரல் அதட்டியது, பிறகு கெஞ்சியது, பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான், கிணற்றில் விழுந்தவள் கயிற்றைப் பிடித்துக்கொள்கிற மாதிரி, அவள் கீழே போகாமல் இருந்தாள். இதை அவள் டாக்டரிடம் சொன்னாள். அந்த நேரத்தில் பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே நம்ப வேண்டாம்மா, மூளை பாதியைத் தானே ஜோடித்துக்கொள்ளும் என்றார் அவர். நல்ல டாக்டர், நன்றாகத்தான் தையல் போட்டார், ஆனால் அந்தப் பேச்சு மட்டும் காதில் புகுந்த எறும்பாக இன்னும் ஊர்கிறது.

ஜோடித்துக்கொண்டதா? மூக்கை ஒருவரிடமும் தோளை ஒருவரிடமும் எடுத்து நான் இங்கே ஜோடிக்கிற மாதிரி, மூளையும் ரோட்டில் குனிந்த நாலைந்து பேரைச் சேர்த்து ஒருத்தியைச் செய்து என் தலைமாட்டில் உட்கார வைத்ததா? அப்படியானால் நன்றி யாருக்கு? இல்லை, செருப்பு இருக்கிறது. வசந்தாமணி மேசைக்கு அடியில் கட்டைவிரலால் செருப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நீல வார் வைத்த சாதாரணச் செருப்பு, இடது கால் வார் அறுந்து தைத்தது. அவள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலுக்குக் கீழே இரண்டும் ஜோடியாக, நுனி வெளியே பார்க்க, வைக்கப்பட்டிருந்தன. யாரோ ஒரு அம்மா ஆட்டோவில் கொண்டாந்து சேர்த்துட்டு, செருப்பையும் வெச்சுட்டு, நான் வர்றதுக்குள்ள போயிட்டாங்க என்றார் கனகராஜ். அந்தக் களேபரத்தில், ரத்தம் ஊற்றுகிறபோது, கூட்டம் கத்துகிறபோது, ஒருத்திக்குச் செருப்பு ஞாபகம் வந்திருக்கிறது, அதுவும் ஒன்று அல்ல, இரண்டும். எழுந்து நடக்கப் போகிறவளுக்குத்தானே செருப்பு வேண்டும். இவள் நடப்பாள் என்று அவள் முடிவு செய்துவிட்டாள், டாக்டர் முடிவு செய்வதற்கு முன்னாலேயே. பட்டுப் புடவைக்கு இந்தச் செருப்பா என்று கனகராஜ் இன்றைக்கும் கேட்டார். அவள் கைபட்டதில் என்னிடம் இருப்பது இது ஒன்றுதான் என்று சொன்னதற்கப்புறம் அவர் வண்டியை வெளியே எடுத்தார். அவருக்கும் நன்றி.

முகம்தான் போய்க்கொண்டே இருக்கிறது. வீட்டில் அதை எத்தனை காகிதத்தில் வரைந்திருப்பாள். பம்புசெட் கம்பெனியின் டிராயிங் பிரிவில் தலை நரைக்கிற வரைக்கும் கோடு போட்ட கை அது, கழுத்து வலி என்று வேலையை விட்டு வந்த பிறகும் ஆடின கால் சும்மா இருக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றி உட்கார்ந்து வரைகிறவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது. மார்க்கெட்டை வரைந்தாள், குளக்கரையை வரைந்தாள், ரயில் நிலையத்தை வரைந்தாள். எதைப் பார்த்தாலும் கை அப்படியே கொண்டு வந்தது. அந்த ஒரு முகத்தை மட்டும் கொண்டு வரவில்லை. ஒரு தடவை அவள் சின்னம்மா வந்தாள். ஒரு தடவை டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வந்தாள். ஒவ்வொரு தடவையும் தப்பான முகத்தை வரைந்து வைக்க, அந்தத் தப்பான முகம் போய்ச் சரியான முகத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது, துணியில் அச்சுமேல் அச்சு விழுந்த மாதிரி. வரைந்து வரைந்தே அழித்துவிட்டேனோ. எதிரில் வந்து நின்றால்கூடத் தெரியாமல் போய்விடுமோ. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதன் பக்கம் போக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வசந்தாமணி அதன் பக்கம் போனாள்: ஏற்கெனவே வந்து நின்றிருந்தால்? இந்த மண்டபங்களில் எத்தனை பேரை வரைந்து, படத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து, சிரித்து, போய்ட்டு வாங்க என்று அனுப்பியிருக்கிறாள். அவர்களில் ஒருத்தியாக இருந்திருந்தால்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு இன்னும் இங்கே உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தால்? கம்பெனியில் ஒரே பம்பை மேலிருந்து ஒரு தடவை, முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை என்று மூன்றாக வரைய வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று பம்பா என்று கேட்பார்கள். வசந்தாமணி விழுந்து விழுந்து சிரிப்பாள். அதை ஏன் இப்போது நினைக்கிறேன் என்று யோசித்தாள், அதற்குள் தலைவர் மேடை ஏறிவிட்டார், அவரைப் பெரிதாகப் போட வேண்டியிருந்தது.

தலைவர் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பேசுகிறவர்கள் தலையை ஆட்டுவார்கள், அதனால் வசந்தாமணி அவர் வயிற்றை முதலில் முடித்தாள், அது நகராது. பிறகு மேடையின் இடது ஓரத்தில் காகிதத்தில் ஒரு வெற்றிடம் விழுந்தது, அங்கே ஒரு ஆள் வேண்டும், நிமிர்ந்து தேடினாள். விருது வாங்குகிறவர்கள் படிக்கட்டுப் பக்கம் வரிசையில் நின்றார்கள், தலையைத் தடவினார்கள், சேலையை இழுத்துவிட்டார்கள், ஒருவரை ஒருவர் முந்தினார்கள், பந்திக்கு முந்துகிறவர்கள் மேடைக்கு முந்தமாட்டார்களா. நடுவில் ஒருத்தி மட்டும் அசையவில்லை. ஐம்பது வயதிருக்கும், மாம்பழ நிறச் சேலை, கை இரண்டையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு, மாவு பொங்கி வரக் காத்திருக்கிறவளின் பொறுமையோடு அப்படியே நின்றாள். வசந்தாமணிக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இந்த மண்டபத்தில் முழுசாகக் கிடைத்த முதல் ஆள். நெற்றி, அகலமான மூக்கு, இரண்டு பக்கமும் மூக்குத்தி, தாடையில் ஒரு சின்னப் பள்ளம், எல்லாம் ஒரே ஆளுடையது, யாரிடமும் எதுவும் கடன் வாங்க வேண்டியதில்லை. பேனா காகிதத்தை விட்டு எழாமல் ஓடியது. வசந்தாமணி அந்த முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்த்தாள், தாடையிலிருந்து நெற்றி வரைக்கும் பார்த்தாள், நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் நினைத்தாள். அறிமுகமில்லாத முகம். நின்றதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு, அவளுக்குப் பின்னால் திரைச்சீலைக்குக் கோடு போடத் தொடங்கினாள்.

“சிறந்த வீட்டுத் தொழில் முனைவோர், மரகதம் இட்லி மாவு, திருமதி மரகதம் அவர்கள்” என்று மைக் கூப்பிட்டது. மாம்பழச் சேலைக்காரி மேடை ஏறினாள், கேடயத்தை வாங்கினாள், எங்கே பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று கேட்டுச் சிரித்தாள், இறங்கினாள். எல்லாரும் சாப்பாட்டுப் பக்கம் நகர, அவள் கேடயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக வசந்தாமணியின் மேசைக்கு வந்தாள். எதிரில் நின்று எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, அந்தக் குமரேசன் சொன்னாரு, என்னையப் போட்டிருக்கீங்கன்னு. பாக்கலாங்களா? இங்கிருந்து பாத்தா எல்லாம் தலகீழாத் தெரியுது.” வழக்கமாக வசந்தாமணி காகிதத்தை உருவி எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள். இன்றைக்கு மை காயவில்லை, எடுத்தால் ஈஷிக்கொள்ளும். அதனால் காகிதம் செருகியிருந்த பரீட்சை அட்டையை மேசைமேல் வைத்தபடியே மெதுவாக அவள் பக்கம் திருப்பினாள்.

திருப்பின கை அட்டைமேலேயே நின்றுவிட்டது. இப்போது மேடை மேலிருந்து தொங்கியது, தலைவர் வயிற்றிலிருந்து தொங்கினார், இடது ஓரம் வலது ஓரமாகியிருந்தது. அந்த ஓரத்தில், தாடை மேலேயும் நெற்றி கீழேயுமாக, தாடைப் பள்ளமும், அகல மூக்கின் இரண்டு துவாரங்களும், அதற்குக் கீழே இரண்டு கண்களும் அவளையே பார்த்தன. கம்பிகள் வந்தன. இரண்டு மேலே, ஒன்று தளர்ந்து கீழே. தலைமாட்டில் உட்கார்ந்து குனிகிறவளின் முகம் தலைகீழாகத்தானே தெரியும். அவள் அந்த முகத்தைத் தலைகீழாகத்தான் பார்த்திருக்கிறாள், நிமிர்த்தி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்காத முன்பக்கத்தை வீட்டில் உட்கார்ந்து தானாகவே ஜோடித்து, அதை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறாள். மூன்று பம்பா என்று கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்த வாய். வெண்ணெயை வரைந்து முடித்துவிட்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள், நின்றதற்கு நன்றி என்று வேறு சொல்லி அனுப்பப் பார்த்திருக்கிறாள். மை காய்ந்திருந்தால் போயிருக்கும். காயாத மைக்கு நன்றி. சொல்ல வேண்டும், இப்போது சொல்ல வேண்டும். சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நாக்கு எழவில்லை. அன்றைக்கு மாதிரியே எழவில்லை, காது அடைத்தது, மண்டபத்தின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் போனது, மின்விசிறி மட்டும் சுற்றியது.

“என்ற மூக்கு இத்தாப் பெருசாங்க?” என்று சிரித்த மரகதம் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். “ஏனுங்க? ஏனுங்க, மயக்கமா வருதுங்களா? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு.” கேடயத்தைத் தலைவரின் படத்தின் மேலேயே வைத்துவிட்டு மேசையைச் சுற்றி ஓடி வந்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று தோளைப் பிடித்தாள், வசந்தாமணியின் தலை பின்னால் சாய்ந்து அவள் வயிற்றில் முட்டிக்கொண்டது. மின்விசிறியை மறைத்துக்கொண்டு அந்த முகம் குனிந்தது, தாடை மேலே, நெற்றி கீழே. உள்ளங்கை கன்னத்துக்கு வந்தது. சந்தனம், பன்னீர், பஜ்ஜி எண்ணெய் எல்லாவற்றுக்கும் அடியில், அந்த விரல்களில் எத்தனை கழுவினாலும் போகாத புளித்த மாவின் வாசனை. தன் ரத்தத்தின் வாசனை அதுதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். “கண்ண மூடாதீங்க” என்றாள் மரகதம். “இங்க பாருங்க, என்னையப் பாருங்க. உங்க பேரென்னங்க? பேரச் சொல்லுங்க.”

நாக்கு எழுந்தது. “வசந்தாமணிங்க” என்றாள். சொன்ன பிறகு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள். “வசந்தாமணிங்க. அன்னிக்கே கேட்டீங்க. இப்பத்தான் சொல்ல வந்துதுங்க.”

“என்னைக்கிங்க?” என்றாள் மரகதம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வசந்தாமணியின் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தாள், முன்னால் வந்து நேராகவும் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. “பாத்த மாதிரியே இல்லீங்களே” என்று சங்கடமாகச் சொன்னாள். கீழே விழுந்து கிடந்த பேனாவை எடுத்துக் கொடுக்கலாம் என்று மேசைக்கு அடியில் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாள். வெகுநேரம் நிமிரவில்லை. பேனாவை எடுக்கவும் இல்லை. ஒரு விரல் வசந்தாமணியின் இடது செருப்பில், தைத்த இடத்தைத் தொட்டது.

“இந்த நீல வாரு” என்றாள் மரகதம் கீழேயிருந்து. “ஒண்ணு சாக்கடை ஓரத்துல கெடந்துது, ஒண்ணு பஸ்ஸுக்கு அடியில போயிருச்சு. பஸ்ஸ நிறுத்தி எடுக்கச் சொன்னனுங்க, டிரைவரு என்னையத் திட்டுனான்.” அவள் நிமிர்ந்தபோது அவள் முகமும் நனைந்திருந்தது. “நடக்கறீங்களா?”

“நடக்கறனுங்க” என்றாள் வசந்தாமணி.